வெந்நீர்க் கலம் மாற்றுங் காலம்

மார்கழித் திங்களில் சிதம்பரத்துத் தேரோடும் வீதிகள் நான்கினும் வைகறைக்கு முன்னரே விளக்கெரியத் தொடங்கிவிடும். ஆருத்திரா தரிசனத்துக்கு வந்திறங்கிய உறவினர் ஒருபுறம், பள்ளிக்கும் கல்லூரிக்கும் புறப்படும் பிள்ளைகள் ஒருபுறம், கீல்வாதத்தால் வருந்தும் முதியோர் ஒருபுறம் என வீட்டார் அனைவரும் அவ்வேளையில் எதிர்நோக்கி நிற்பது வெந்நீர் தரும் கலம் ஒன்றையே. கொல்லைப்புறத்துச் செப்புப் பாய்லராயினும், குளியலறைச் சுவரில் மாட்டிய மின் கீசராயினும் அதன் தொழில் ஒன்றுதான். குளிர் மிக்க மேனாடுகளில் வீடு முழுவதையும் சூடேற்றுவதற்கே ஒரு கொதிகலம் வேண்டும். கடலூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு அக்கவலை இல்லை. வீட்டைச் சூடாக்கும் பொறுப்பை ஞாயிறு வேண்டிய அளவிற்கு மேலாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நமக்கு வேண்டுவது குளிக்கும் நீர் மட்டுமே.

இக்கலத்தை எப்பொழுது மாற்றுவது என்னும் வினா எழுங்கால் நம்மவர் இரு கட்சியினராகப் பிரிகின்றனர். குழாய்த்திருகில் இரண்டு சொட்டு ஒழுகியவுடன் கலத்தையே விலைக்குப் போடுவார் சிலர். அடியில் ஓட்டை விழுந்து அடுப்பு அணையும்வரை, "அம்மா சீராகக் கொண்டுவந்தது; இன்னும் இரண்டு தலைமுறைக்கு வரும்" என்று கூறிக் காலங்கடத்துவார் பலர். முன்னவர்க்குப் பொருள் நட்டம். பின்னவர்க்கோ சில சமயம் உயிர்க்கே இடர். ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

ஆலைகளில் உள்ள கொதிகலங்களுக்குச் சட்டமும் அதிகாரியும் உண்டு. 1863ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கொதிகலம் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அதன் பயனாக அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலங்களைச் சோதித்தற்கு ஒரு சட்டம் பிறந்தது. பின்னர் 1923இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் இப்பொழுது 2025ஆம் ஆண்டின் சட்டம் நிற்கிறது. எனினும் 25 லிட்டருக்குக் குறைந்த கலமும், நீர் 100 டிகிரிக்குக் கீழாகவே சூடேறும் கலமும் இச்சட்டத்தின் எல்லைக்குள் வாரா. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையின் கொதிகலத்தைப் பார்வையிட அதிகாரி வருவார். நம் வீட்டுப் பாய்லரைப் பார்க்க எவரும் வாரார். அதற்கு அதிகாரி அவ்வீட்டுத் தலைவியும் தலைவனுமே.

முதற்கண் செப்புப் பாய்லரை எடுத்துக்கொள்வோம். உருளை வடிவான செப்புக் கலம். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு புகைக்குழாய். குழாயின் அடியில் கரியும் சுள்ளியும் கொட்டாங்கச்சியும் எரிவதற்கு ஒரு தட்டு. குழாயைச் சூழ நாற்புறமும் நீர். கீழே ஒரு திருகுகுழாய். மேலே தண்ணீர் ஊற்றும் வாய். நெருப்பு நீரின் நடுவில் இருத்தலால் வெப்பம் வெளியே வீணாவது குறைவு. செம்பு இரும்பைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். மேல்வாய் திறந்திருத்தலால் நீராவி அடைபட்டு அழுத்தம் உண்டாவதில்லை. இக்கலத்தை முதன்முதல் அமைத்தவர் எவராயினும் அவர் பௌதிக நூலை நன்கு உணர்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

இக்கலம் கெடுவதற்கு முதற் காரணம் நீரின்றி நெருப்பிடுதல். காகிதக் கிண்ணத்தில் நீரை வைத்து விளக்கின்மேற் பிடித்தால் காகிதம் எரியாமல் நீர் கொதிப்பதைப் பள்ளிச் சோதனைச் சாலையில் கண்டிருப்போம். அதே நியாயம் இங்கும் பொருந்தும். புகைக்குழாயின் உட்புறத்தில் பல நூறு டிகிரி வெப்பமுள்ள தணல் இருப்பினும், மறுபுறத்தில் நீர் இருக்கும்வரை தகடு 100 டிகிரிக்கு மேல் மிகுதியாக ஏறுவதில்லை. நீர் வற்றினாலோ தகடு தணலின் வெப்பத்தை எட்டத் தொடங்கும். மூட்டுவாயில் வைத்த ஈயப் பற்றாசு 200 டிகிரிக்கு உட்பட்ட சூட்டிலேயே இளகிவிடும். ஒரு நாள் மறதியால் பத்தாண்டு உழைக்க வேண்டிய மூட்டு கால்மணி நேரத்தில் விட்டுப்போவது இவ்வாறுதான். நீரூற்றிய பின்னரே நெருப்பு, நெருப்பு அணைந்த பின்னரே அடிநீர் வடித்தல் என்று நம் பாட்டிமார் வகுத்த ஒழுங்கு வெறும் பழக்கமன்று.

இரண்டாம் காரணம் நீரிலேயே உள்ளது. பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய கடலோரத்து ஊர்களிலும், கடலூர் முதுநகரின் சில பகுதிகளிலும் கிணற்று நீர் உவர்ப்பாகவோ கடினமாகவோ இருப்பதை அங்குள்ளோர் அறிவர். சோப்பு நுரைக்க மறுப்பதே அதற்கு அடையாளம். அந்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, நீர் சூடேறுங்கால் கரையாத வெண்படிவமாகி உட்சுவரில் அப்பிக்கொள்ளும். இப்படிவத்தின் வெப்பங்கடத்தும் ஆற்றல் செம்பினதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முன்பு அரைமணியில் காய்ந்த நீர் இப்பொழுது முக்கால்மணி கேட்கிறது என்றால், விறகைக் குறை கூறுவதற்கு முன் கலத்தினுள்ளே கைவிட்டுப் பார்த்தல் வேண்டும். இதனால் கலத்தை மாற்ற வேண்டுவதில்லை. கெட்டியாகக் கரைத்து வடிகட்டிய புளிநீரை ஊற்றி, இளஞ்சூடாக்கி, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி கழன்று வரும். செப்புக் குடம் துலக்கும் முறையும் இதுவேயன்றோ? கலம் முழுதும் நீர் நிரப்பி அதில் எலுமிச்சம்பழத் தோலை இடும் வழக்கமும் உண்டு. அது மணம் தரும், படிவத்தை அவ்வளவாகக் கரைப்பதில்லை.

ஒழுக்கு எங்கே என்பதுதான் மாற்ற வேண்டுமா, பழுது பார்க்க வேண்டுமா என்பதைத் தெளிவிக்கும் தலையாய சான்று. திருகுகுழாயின் அடியில் கசிந்தால் அது சில ரூபாயில் முடியும் செயல். வளையத்தை மாற்றினால் போதும். வெளிச்சுவரின் மூட்டில் பச்சை நிறக் களிம்பு கோடிட்டிருந்தால் அங்கே நுண்ணிய கசிவு இருக்கிறது. கன்னாரிடம் கொடுத்துப் பற்றாசு வைத்தால் பல்லாண்டு தாங்கும். நடுப் புகைக்குழாயில் ஒழுக்கு உண்டாயின் செய்தி வேறு. தணல் 'சுர்' என்று ஒலித்து அணையும். சாம்பல் ஈரமாகிக் கட்டிக்கொள்ளும். நெருப்பு மூட்ட மூட்டப் புகையே மிகும். அக்குழாய்தான் நாள்தோறும் நெருப்பை நேராகத் தாங்கித் தேய்ந்தது. ஒரு துளையை அடைத்தால் அதன் அருகில் மற்றொன்று தோன்றும். ஏனெனில் துளை விழுந்தது தற்செயலன்று, தகடு முழுதும் மெலிந்துவிட்டது என்பதற்கு அது முதல் அறிவிப்பு. கலத்தைக் காயவைத்து, இருட்டறையில் புகைக்குழாயினுள் ஒரு சிறு கைவிளக்கை இறக்கி, மேல்வாய் வழியே நீர் நிற்கும் பகுதியை நோக்கினால் ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். ஒன்றிரண்டு தெரியின் குழாயை மட்டும் புதிதாக இட்டுத் தரும் கைவினைஞர் கிடைப்பரோ என்று தேடலாம். விண்மீன்போல் பல தெரியின் தேடவேண்டா. வெளிச்சுவரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தல் நன்று; தகடு உள்வாங்கி மீளுமாயின் அக்கலத்தின் ஆயுள் முடிந்தது என்க.

வயது ஒன்றையே அளவாகக் கொள்வது பிழை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பெரியதோர் எடுத்துக்காட்டு உள்ளது. நெய்வேலியில் சோவியத்து நாட்டின் துணையுடன் எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. படிப்படியாக 600 மெகாவாட் ஆற்றல் பெற்றது. அதன் கொதிகலங்களுக்கு முதலில் வகுத்த காலம் கடந்ததும், 1990களில் தேய்ந்த உறுப்புக்களை மாற்றி அதன் ஆயுளை நீட்டினர். ஆயினும் எல்லையின்றி நீட்டிக்கொண்டே போகவில்லை. அருகிலேயே 1000 மெகாவாட் ஆற்றலுடைய புதிய நிலையம் கட்டப்பெற்று, அதன் முதல் இயந்திரம் 2019இன் இறுதியிலும் இரண்டாவது 2021இன் தொடக்கத்திலும் தொழிலுக்கு வந்தன. பழைய நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. ஆனால் அதே 2020ஆம் ஆண்டில் மே 7ஆம் நாளும் ஜூலை 1ஆம் நாளும் தொழிலாளர் பலரின் உயிரைக் கவர்ந்த கொடிய விபத்துக்கள் நேர்ந்தது அம்முதிய நிலையத்தில் அன்று. அதற்கு இருபதாண்டுகளுக்குப் பின் பிறந்த இரண்டாம் நிலையத்தின் கொதிகலப் பகுதியில். முதியது அனைத்தும் அபாயம் அன்று, இளையது அனைத்தும் காவல் அன்று என்பதை இதனினும் துயரமாக எடுத்துரைக்க இயலாது. வீட்டுக் கலத்திலும் ஆண்டைக் கணக்கிடுவதைவிட நிலையைப் பார்ப்பதே அறிவுடைமை.

இனி மின் கீசர். இது செப்புப் பாய்லரினின்றும் ஒரு வகையில் முற்றும் வேறானது: நீர் அடைபட்ட கலத்தில் சூடேறுகிறது. அடைபட்ட நீர் 100 டிகிரியைக் கடந்தும் நீராகவே நிற்கும். 150 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேலாகும். அந்நிலையில் சுவர் கிழிந்தால் நீரில் பத்தில் ஒரு பங்களவு ஒரு நொடியில் ஆவியாகும். ஆவியோ நீரின் பருமனைப்போல் 1600 மடங்குக்கு மேல் விரியும். இது நேராதிருப்பதற்கே சூட்டை நிறுத்தும் கருவி ஒன்று, அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று, அதுவும் தவறினால் அழுத்தத்தை வெளிவிடும் வால்வு ஒன்று என மூன்று காவலர் உளர். வால்வு சொட்டுகிறது என்று அதைக் கட்டையால் அடைக்கும் செயலை யாம் கேள்வியுற்றிருக்கிறோம். காவற்காரன் கூவுகிறான் என்று அவன் வாயைக் கட்டுவதைப் போன்றதே அது.

கீசருக்குள் பெரும்பாலோர் அறியாத ஓர் உறுப்பும் உண்டு. அது மக்னீசியக் கோல். இரும்புக் கலத்தை நீர் அரிப்பதற்கு முன், தன்னை அரிக்கக் கொடுத்துக் கலத்தைக் காப்பது அக்கோலின் தொழில். உவர்நீர் உள்ள ஊரில் ஓரிரண்டு ஆண்டில் அது கரைந்து மெல்லிய கம்பியாகிவிடும். அப்பொழுது கோலை மாற்றினால் கலம் நெடுநாள் வாழும். மாற்றாவிடின் அடுத்து அரிபடுவது கலமே. வெந்நீர் செந்நிறமாக வருதல், சூடேறும்போது உள்ளே பொரிவது போன்ற ஒலி எழுதல், மின் கட்டணம் காரணமின்றி ஏறுதல் ஆகியவை முன்னறிகுறிகள். சூடேற்றும் கம்பியும் சூட்டை நிறுத்தும் கருவியும் தனித்தனியே மாற்றத்தக்கன. உட்கலமே ஒழுகத் தொடங்கிவிட்டால் அதற்குப் பற்றாசும் இல்லை, பசையும் இல்லை. அன்றே மின் இணைப்பை நீக்கிவிட வேண்டும். நீரைத் தொடும்போது விரலில் 'சுருக்'கென்று உணர்ந்தாலும் அவ்வாறே. அங்கே "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்னும் சொல்லுக்கு இடமில்லை.

மாற்றுவதாக முடிவு செய்தபின் எதனை வாங்குவது? மின் கீசரே எளிது என்பதில் ஐயமில்லை. எனினும் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூர்க் கரையைத் தாக்கியதை இம்மாவட்டத்தார் மறந்திலர். மின்கம்பங்கள் வீழ்ந்து, பல ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. அக்காலத்துக் கீசர் சுவர் அணியாக இருந்தது. முறிந்து விழுந்த பலா, முந்திரி மரங்களின் சுள்ளிகள் பழைய பாய்லர்களுக்கு விறகாயின. ஆதலின் கீசர் வாங்கியவுடன் நல்ல நிலையிலுள்ள செப்புக் கலத்தை எடைக்குப் போட்டுவிடுதல் புயற்கரையில் வாழ்வார்க்கு அறிவுடைமை ஆகாது என்பது எம் கருத்து. மாடியில் ஞாயிற்றின் ஒளியால் நீர் காயும் கருவியும் நன்றே. கடின நீரால் அதன் குழாய்களிலும் படிவம் ஏறும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

எரிவாயுக் கீசரைப் பற்றிச் சிறிது அழுத்தியே கூற வேண்டும். எரியும் பொருள் எதுவாயினும் காற்றோட்டமில்லாத சிறு அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உயிர்க்காற்றைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் விருப்புடன் அது குருதியைப் பற்றிக்கொள்ளும். குளிக்கச் சென்றவர் தலைசுற்றி வீழ்ந்து எழாமற்போவது இதனாற்றான். எனவே எரிவாயுக் கலத்தைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. வெளியே காற்றாடும் இடத்தில் வைத்து நீரை மட்டும் உள்ளே கொணர்தல் வேண்டும். மழை பெய்கிறது என்று கரிப் பாய்லரைக் குளியலறைக்குள் தூக்கிவைத்துக் கதவைச் சாத்துவதும் அதே அபாயமே.

எவ்வளவு பெரிய கலம் வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒருவர் குளிக்க 40 டிகிரியில் 20 லிட்டர் இளவெந்நீர் போதும் என்று கொள்வோம். 60 டிகிரி வெந்நீரையும் 25 டிகிரித் தண்ணீரையும் கலந்தால் அதற்கு வெந்நீர் ஏறத்தாழ 9 லிட்டரே செலவாகும். ஐவர் உள்ள வீட்டுக்கு 45 லிட்டர். 25 லிட்டர்க் கலத்தை இருமுறை காய்ச்சினால் முடிந்தது. ஒருமுறை காய்ச்ச ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். இரண்டு கிலோவாட் கம்பியாயின் அரைமணி நேரம் பிடிக்கும். 40 லிட்டரை விறகால் காய்ச்சுவதாயின், எரியும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே நீரைச் சேரும் என்று கொண்டாலும் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உலர்ந்த விறகு போதும். விருந்தினர் வரும் பத்து நாளுக்காக ஆண்டு முழுதும் 50 லிட்டர் நீரைக் காய்ச்சுவது வீண்.

மாற்றும் பருவத்தையும் தேர்தல் வேண்டும். தீபாவளி எண்ணெய் முழுக்குக்கு முதல்நாள் கடைக்கு ஓடுவோர், கிடைத்ததைக் கேட்ட விலைக்கு வாங்கி வருவர். பொருத்துகிற தொழிலாளியும் அன்று அகப்படார். வெந்நீர் வேண்டாத சித்திரை, வைகாசியில் பழைய கலத்தைச் சோதித்து, மாற்ற வேண்டுமாயின் அப்பொழுதே மாற்றுதல் நலம். செப்புக் கலம் வாங்குங்கால் எடையைக் கேட்டு வாங்குக. இரண்டு கலங்கள் அளவிலும் பளபளப்பிலும் ஒத்திருந்து, ஒன்று எடை குறைந்திருந்தால் அதன் புகைக்குழாய் மெல்லிய தகட்டால் ஆனதாயிருக்கலாம். நாம் காசு கொடுப்பது அக்குழாய்க்கே. பழையதைக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். தாயார் பெயர் வெட்டிய கலத்தைக் கொடுக்க மனம் வாராதவர், அப்பெயருள்ள தகட்டுத் துண்டை மட்டும் வெட்டி வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. அதில் நகைத்தற்கு ஒன்றுமில்லை. ஓட்டைக் கலத்தை அன்பின் பொருட்டு அடுப்பில் ஏற்றுவதினும் அது மேலானது.

புதிய செப்புக் கலத்தைக் கீற்றுக் கொட்டகையின் கீழ் வைத்தலாகாது. புகைவாயினின்றும் பறக்கும் ஒரு பொறி போதும். தரை சமமாகவும், காற்றுக்கு எதிர்முகமாக இல்லாமலும் இடம் பார்த்து வைக்க வேண்டும். மின் கீசராயின், 25 லிட்டர்க் கலம் நீரோடு ஏறத்தாழ 35 கிலோ எடையிருக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிற்றாணியை நம்பி மாட்டுவது தலைக்குமேல் கல்லைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, நிலத்தொடர்புக் கம்பி உண்மையாகவே மண்ணில் இறங்குகிறதா, மின்கசிவு உண்டானால் தானே துண்டிக்கும் கருவி வீட்டில் உள்ளதா என்பவற்றைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பார்த்த பின்னரே இணைப்புத் தருக. முதல் நாள் தண்ணீர்க் குழாயைத் திறந்து, வெந்நீர் வரும் வாயில் காற்றுக்குமிழி நின்று நீர் ஒரே ஒழுக்காக வரும்வரை காத்திருந்து, அதன்பின் மின்விசையை அழுத்துக. நீர் காய்ந்ததும் வாளியில் முதலில் தண்ணீரையும் பின்னர் வெந்நீரையும் விடுக. 60 டிகிரி நீர் சில நொடிகளில் சிறுவர் தோலை வேகவைத்துவிடும். வெந்நீர் மட்டும் நிறைந்த வாளி குழந்தை நடமாடும் வீட்டில் ஒரு நிமிடமும் நிற்கலாகாது.